டிரிப்பரைத் தாண்டிப் போட்ட வயர்

பெயர் மாசானம். வயது 27. தகப்பனார் பெயர் இசக்கியப்பன். சொந்த ஊர் திருநெல்வேலி மாவட்டம், களக்காடு பக்கம். தற்சமயம் பென்னலூரில் பலராமன் என்பவரது வீட்டு மாடி அறையில் வாடகைக்குக் குடியிருப்பு. ஒரகடத்தில் செல்போன் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் டெக்னீஷியன், ஒப்பந்தத் தொழிலாளி. 28.12.2021 செவ்வாய்க்கிழமை காலை 9.40 மணிக்கு யாரும் அழைக்காமல் தானே நிலையத்தில் ஆஜராகிச் சொல்ல, உதவி ஆய்வாளரால் எழுதப்பட்டது.

இது நான் கொடுக்கும் இரண்டாவது வாக்குமூலம். 22.12.2021 அன்று இதே நிலையத்தில் கொடுத்த முதல் வாக்குமூலத்தில், டிரிப்பர் பெட்டிக்குள் இருந்த வயரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அது பொய். அந்த வயரைப் போட்டவன் நான். இப்போது சிறையில் இருக்கும் பலராமன் போடவில்லை, அவருக்கு அது தெரியவும் தெரியாது. நான் வந்ததே இதைச் சொல்லத்தான் என்பதால் முதலிலேயே எழுதிக்கொள்ளச் சொன்னேன். நடந்ததை வரிசையாகச் சொல்லும்படி ஐயா கேட்டதால் இனி வரிசையாகச் சொல்கிறேன்.

பலராமன் பென்னலூரிலேயே பிறந்தவர். நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு ஒரு கம்பெனியில் தோட்ட வேலை பார்த்து வந்தார். வீட்டின் முன்பக்கம் அவரும் அவர் மனைவி முனியம்மாளும் இருக்கிறார்கள். பின்பக்க அறையில் சந்திரலேகா, வயது 23, கனகலட்சுமி, வயது 22, என்று தென்காசிப் பக்கத்துப் பெண்கள் இருவர் வாடகைக்கு இருந்தார்கள். இருவரும் எங்கள் கம்பெனியில்தான் டெஸ்டிங் லைனில் வேலை. மாடியில் நானும் விருதுநகரைச் சேர்ந்த அருள்பாண்டியும் இருந்தோம். அருள்பாண்டிக்கும் எனக்கும் ஒரே வேலை, வேறு வேறு ஷிப்ட். மொத்த வீட்டுக்கும் சேர்த்து மாடிப்படிக்குக் கீழே ஒரே ஒரு டிரிப்பர் இருந்தது. எங்காவது மின்சாரம் கசிந்தால், யாராவது ஷாக் வாங்கினால், கண் சிமிட்டும் நேரத்தில் வீட்டு மின்சாரத்தையே வெட்டிவிடும் சுவிட்ச் அது. அந்தப் பெட்டியின் சாவி பலராமன் வீட்டு வாசல் ஆணியில் தொங்கும்.

ஆகஸ்ட் மாதம் அருள்பாண்டி கிரிப்டோ மைனிங் பற்றிச் சொன்னான். கம்ப்யூட்டர் இராப்பகலாக ஓயாமல் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தால் அதற்குக் கூலியாக இணையத்தில் நாணயம் கிடைக்கும். அதற்குக் கிராபிக்ஸ் கார்டு வேண்டும். ஒரே மதர்போர்டில் எட்டுக் கார்டு போடலாம் என்று அவன் வீடியோ காட்டினான். எங்கள் ஒப்பந்தம் மார்ச் மாதத்தோடு முடிகிறது, கம்பெனியில் யாரையும் நிரந்தரம் செய்வதில்லை, வெளியே தள்ளும்போது கையில் ஒன்று இருக்கட்டும் என்று நானும் சேர்ந்தேன். போர்டில் எட்டும் நேராக உட்காராது என்பதால் நீட்டிப்பு வயர் வைத்து, இரும்புச் சட்டம் அடித்து, அதில் வரிசையாகக் கார்டுகளைத் தொங்கவிட்டு, மூன்று பவர் சப்ளை கொடுத்து ஓட்டினோம். எல்லாம் கைமாறி வந்த கார்டுகள். மாடிக்குத் தனி சப்-மீட்டர் உண்டு, அதில் நாங்கள் ஏமாற்றவில்லை. பலராமன் வந்து பார்த்துவிட்டு என்ன மெஷின் என்று கேட்டதற்கு, கம்ப்யூட்டர் படிப்புக்கு என்று சொன்னேன். "படிங்கப்பா, படிச்சி மேல வாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு மெஷினைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

எட்டுக் கார்டுக்கும் சேர்த்து இருபதுக்கு மேல் விசிறி. அறைக்குள் ஒருவரோடு ஒருவர் கத்தித்தான் பேச வேண்டும். சூடு தாங்காமல் கதவைத் திறந்தே வைத்திருப்போம். நவம்பரில் அடைமழை பிடித்தபோது கீழே துணி காயாமல், சந்திரலேகா தனது யூனிபாரத்தை எங்கள் கதவு நிலையில் கயிறு கட்டிக் காயப்போட ஆரம்பித்தாள். "ஒங்க மெசினு எதுக்குமே ஒதவாதுன்னுல்லா நெனச்சேன் அண்ணே, துணியாவது காயுதே" என்பாள். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். கேலிக்காரப் பெண். இது தேவையா என்று ஐயா கேட்டார். தேவை, எழுதுங்கள் என்றேன்.

அதே மழையில் சுவர் ஊறிப்போய் வீட்டு வயரிங்கில் ஏற்கெனவே கொஞ்சம் கசிவு இருந்தது. பவர் சப்ளை ஒவ்வொன்றும் தன் பங்குக்குத் துளி கசியவிடும். அது குற்றமில்லை, அதன் அமைப்பே அப்படி. மூன்றும் வீட்டுக் கசிவும் ஒன்றாகச் சேர்ந்ததில் நவம்பர் கடைசி வாரம் முழுக்க டிரிப்பர் விழுந்துகொண்டே இருந்தது. விழுந்தால் மெஷின் நிற்கும். நாங்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்தால் அது நின்றது நின்றபடி கிடக்கும். கீழேயும் எல்லாம் நிற்கும். முனியம்மாள் படியில் நின்று, "இன்னா தம்பி, காலைலேந்து மூணு வாட்டி பூட்ச்சி, பிரிட்ஜில வெச்ச மாவு பொங்கி ஊத்திகினு கீது, மேல இன்னாதான் பண்றீங்க" என்று சத்தம் போட்டார். பலராமன் அவரை அடக்கிவிட்டு என்னிடம், "நீதான் கரண்டு வேல பாக்குற ஆளாச்சே, நீயே தொறந்து பாத்துக்கோபா, சாவி ஆணில கீது" என்றார். அன்றிலிருந்து சாவியை நான் கேட்காமலே எடுத்துக்கொள்வேன்.

இந்த இடத்தில் எங்கள் கம்பெனி வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் நான் செய்தது புரியாது. லைனில் மெஷின் கதவு திறந்தால் மெஷினை நிறுத்துகிற சென்சார் உண்டு. அது சில சமயம் காரணமில்லாமல் நிறுத்தும். லைன் நின்றால் சூப்பர்வைசர் குதிப்பார். அப்போது டெக்னீஷியன் ஒரு துண்டு வயர் வைத்துச் சென்சாரைத் தாண்டிவிட்டு, பெயர், தேதி, காரணம் எழுதி மஞ்சள் டேப் ஒட்டி, ஷிப்ட் மாறும்போது அடுத்தவனிடம் சொல்லிவிட்டுப் போவான். வயரைப் போட்டவன் எடுக்க மாட்டான். பொறுப்பை வாங்கிக்கொண்ட அடுத்த ஷிப்ட்காரன் கோளாறைச் சரிசெய்துவிட்டு எடுக்க வேண்டும். சொல்லிவிட்டால் அது நம் தலையிலிருந்து இறங்கிவிட்டது, கேட்டைத் தாண்டியதும் மறந்துவிடலாம். மூன்று வருடமாக நான் அப்படித்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

03.12.2021 வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு டிரிப்பர் அன்றைக்கு நான்காவது முறையாக விழுந்தது. எனக்கு இரண்டு மணிக்குக் கம்பெனி பஸ். எரிச்சல் மண்டைக்கு ஏறிவிட்டது. ஆணியில் இருந்த சாவியை எடுத்து, பெட்டியைத் திறந்து, இரண்டு துண்டு நீல வயரால் மின்சாரம் டிரிப்பரைத் தாண்டிப் போகும்படி இணைத்தேன். இனி அது விழுந்தாலும் வீட்டில் மின்சாரம் நிற்காது. விழவேண்டிய நேரத்திலும் நிற்காது. அது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று எழுத வேண்டாம். அதன் பிறகு கம்பெனியிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த மஞ்சள் டேப்பை வயரில் சுற்றி, என் பெயரும் தேதியும் போட்டு, 'தற்காலிகம், அடுத்த ஷிப்ட் எடுக்கவும்' என்று எழுதினேன். அதன் பிறகு அதைப் படம் பிடித்து அருள்பாண்டிக்கு அனுப்பிவிட்டு பஸ் ஏறினேன். அவன் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினான். அத்தோடு என்னைப் பொறுத்தவரை வேலை முடிந்தது.

அவன் அதை எடுக்கவில்லை. எடுத்திருப்பான் என்று நான் இருந்தேன். நான் முதலில் சுவர் வயரிங்கைப் பார்த்துவிட்டுச் சொல்வேன், அப்புறம் எடுக்கலாம் என்று அவன் இருந்தான். இருவரும் ஒருவர் தூங்கும்போது ஒருவர் வேலையில் இருந்தோம். அவன் எழுந்த பாயில் நான் படுப்பேன். முகம் பார்த்துப் பேசுவதே ஞாயிற்றுக்கிழமைதான், அதிலும் ஓவர்டைம் வந்தால் அதுவும் இல்லை. மெஷின் அதன் பிறகு ஒருமுறைகூட நிற்கவில்லை. எத்தனை நாள் இடைவிடாமல் ஓடுகிறது என்று திரையில் ஓரத்தில் காட்டும். அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். ஏன் நிற்கவில்லை என்று ஒருநாள்கூட யோசிக்கவில்லை. முனியம்மாள்கூட, "நல்ல கை தம்பி உனக்கு, ஒரே வாட்டில சரி பண்ட்ட" என்று சொல்லி ஒரு கிண்ணத்தில் கருவாட்டுக் குழம்பு கொடுத்தனுப்பினார். வாங்கிச் சாப்பிட்டேன்.

22.12.2021 புதன்கிழமை காலை நான் அறையில் தூங்கிக்கொண்டிருந்தேன். அருள்பாண்டி வேலையிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. ஏழு மணிக்குச் சற்று முன்னால் கனகலட்சுமி மாடிக்கு ஓடிவந்து என்னை உலுக்கி எழுப்பினாள். விசிறிச் சத்தத்தில் அவள் என்ன சொல்கிறாள் என்று முதலில் கேட்கவில்லை. "அண்ணே, லேகா, பாத்ரூம்ல, கதவத் தொட்டா இழுக்குது" என்று கத்தினாள். நான் கீழே ஓடினேன். எனக்கு முன்பே பலராமன் மாடிப்படிக்குக் கீழே போய், பெட்டிக்கு வெளியே இருந்த மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார். அதன் பிறகு இருவரும் உள்ளே தாழிட்டிருந்த குளியலறைத் தகரக் கதவை உடைத்தோம். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் சூடாக்குகிற ஹீட்டர் ராடு கிடந்தது. அதன் உறை ஒரு பக்கம் வெடித்திருந்தது. சந்திரலேகா ஒரு கை வாளிக்குள்ளும் ஒரு கை இரும்புக் குழாயிலுமாகக் கிடந்தாள். குழாயிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. பலராமன்தான் பிரித்தார். என்னால் தொட முடியவில்லை. பலராமன் தன் தோளில் போட்டுக்கொண்டு ஓடி, ஷேர் ஆட்டோவை மறித்து ஏற்றி, அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். பார்த்துவிட்டு, உயிர் இல்லை என்று சொன்னார்கள்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நிற்கும்போது என் போனை எடுத்துப் பார்த்தேன். மெஷின் நின்றுவிட்டதாகத் தகவல் வந்திருந்தது. நேரம் 6.58. பலராமன் மெயினை இறக்கிய நேரம் அது. உள்ளே ஏதோ விழுந்த சத்தம் கேட்டபோது ஆறு ஐம்பதுக்கு வைத்த அலாரம் அடித்துக்கொண்டிருந்தது என்று கனகலட்சுமி சொன்னாள். வாளி விழுந்தது என்று நினைத்து, பலமுறை கூப்பிட்டுப் பார்த்த பிறகே அவள் கதவைத் தொட்டிருக்கிறாள். டிரிப்பர் அதன் வேலையைச் செய்திருந்தால் என் மெஷின் 6.50க்கே நின்றிருக்கும், அவளும் ஒரு ஷாக் அடித்ததோடு எழுந்து வந்து ராடைத் திட்டியிருப்பாள். எட்டு நிமிடம் அவள் அங்கே கிடந்தபோது மாடியில் எட்டுக் கார்டும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தன. இதை அந்த நிமிடமே நான் புரிந்துகொண்டேன். அருள்பாண்டி அந்த வயரை எடுக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அதன் பிறகு பலராமன் மருத்துவமனையிலேயே இருக்க, நான் மட்டும் வீட்டுக்குத் திரும்பினேன். போலீஸ் இன்னும் வரவில்லை. பெட்டியைத் திறந்தேன். வயரை எடுக்க ஸ்க்ரூடிரைவர் வேண்டும், அது மாடியில் இருந்தது, முன்வாசலில் முனியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழும் சத்தம் நெருங்கி வந்தது. கைக்கு எட்டியது டேப்தான். என் பெயர் எழுதிய மஞ்சள் டேப்பை மட்டும் உரித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு பெட்டியைச் சாத்தினேன். வயர் அங்கேயே இருந்துவிட்டது. பெயர் போய்விட்டது. அந்த டேப்பையும், அருள்பாண்டிக்கு அனுப்பிய படம் இருக்கும் என் போனையும் இன்று ஐயாவிடம் ஒப்படைத்துவிட்டேன்.

மதியம் போலீஸ் பலராமனையும் அழைத்துக்கொண்டு வந்து பெட்டியைத் திறந்து வயரைப் பார்த்து, இது யார் வேலை என்று கேட்டார்கள். பலராமன், "எனக்குத் தெரியாது சார்" என்றார். சாவி யாரிடம் என்று கேட்டார்கள். தன்னிடம்தான் என்றார். சாவியை நானும் எடுப்பேன் என்று அவர் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றச் சொல்லாமல் விட்டார் என்று நான் நினைக்கவில்லை. என்மேல் சந்தேகப்படவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். என்னைக் கேட்டபோது நானும், "எனக்குத் தெரியாது சார்" என்றேன். அதே வார்த்தை. அவர் சொன்னது உண்மை, நான் சொன்னது பொய், பொய்யைத்தான் நம்பினார்கள்.

மறுநாள் காலை, தெரிந்தே வயரைப் போட்டு உயிர் போகக் காரணமானவர் என்று பலராமனைக் கைது செய்தார்கள். அன்று அருள்பாண்டியிடம், போலீசில் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று சொன்னேன். அவன் கார்டுகளைக் கழற்றிப் போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தான். "வாயத் தொறந்த, ரெண்டு பேரும் உள்ள போவோம் மாப்ள. அவருக்கு இங்கன சொந்த வீடு இருக்கு, சொந்தபந்தம் இருக்கு, எப்பிடியும் வெளிய எடுத்துருவாக. நமக்கு யாருடா இருக்கா" என்றான். "நீ ஏம்ல அத எடுக்கல" என்று அவன் சட்டையைப் பிடித்தேன். "போட்டது நீயி" என்றான். சட்டையை விட்டுவிட்டேன். அன்று மாலையே பஸ் ஏறிவிட்டான். அவனை இழுத்துவிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவன் சொன்னது எனக்கும் வசதியாக இருந்தது, அதனால் நானும் சும்மா இருந்தேன்.

அதற்கு முன், 22ஆம் தேதி இரவு சந்திரலேகாவின் தகப்பனார் மாரிமுத்து தென்காசியிலிருந்து வந்துவிட்டார். பிணவறைக்கு வெளியே என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ கூப்புட்டாளாய்யா? ஒருக்ககூடவா சத்தம் போடல?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். கூப்பிட்டிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது என்பதை அவரிடம் சொல்லவில்லை. மாடிக் கயிற்றில் அவள் யூனிபாரம் காய்ந்து கிடந்தது. அதை மடித்து அவள் துணிப்பெட்டியோடு, உடல் போன வண்டியில் ஏற்றினேன். அவர் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு இன்னும் என்னை அறுக்கிறது.

நேற்று 27.12.2021 திங்கட்கிழமை பலராமனை நீதிமன்றத்துக்குக் கொண்டுவருகிறார்கள் என்று தெரிந்து, முனியம்மாளுக்குத் துணையாக நானும் போனேன். துணை என்று சொல்லவே வாய் கூசுகிறது. காவல் வண்டிக்குப் பக்கத்தில் இரண்டு நிமிடம் பேச விட்டார்கள். பலராமன் மனைவியிடம் வீட்டு மாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். ஐந்து நாளில் ஆள் பாதியாகியிருந்தார். "மாசானம், நீ வெவரம் தெரிஞ்ச புள்ள, ஒன்னு கேக்கறேன், மறைக்காம சொல்லு" என்றார். தெரிந்துகொண்டார், கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்டால் ஒப்புக்கொண்டுவிட வேண்டியதுதான் என்று ஒரு நொடி நிம்மதியாகக்கூட இருந்தது.

அவர் கேட்டது வேறு. "தீவாளிக்கு முன்ன பொட்டிய தொறந்து நான் பீஸு மாத்தினேன் இல்ல, அப்ப நான்தான் அந்த வயர மாட்டிட்டனா? அப்டி ஆவுமா?" என்றார். அவரே தொடர்ந்தார். "நல்லா யோசிச்சிட்டன்பா. சாவி என் வூட்டு ஆணில கீது. வேற யாரு கை வெப்பா? நீ கரண்டு வேல தெரிஞ்ச ஆளு, நீ அப்டி பண்ண மாட்ட. நான்தான் போட்டுகீறேன். வயசாவுதுல்ல, மறந்து பூட்ச்சி. அந்தப் பொண்ணு வெரல பிரிச்சேன் பாரு, அப்பவே எனக்கு மனசுல பட்ச்சி, இது என்னாலதான்னு" என்றார். அதன் பிறகு, "புதங்கெழம மறுபடி கூட்டியாராங்க. ஜட்ஜம்மா கேட்டா ஆமாம்மான்னு ஒத்துகினு பூடப் போறேன். இல்ல இல்லன்னு சொல்லி சொல்லி அந்தப் புள்ளையோட அப்பன் மூஞ்ச பாக்க முடில" என்றார். அப்போதும் நான், "தெரியலையே அண்ணாச்சி" என்றுதான் சொன்னேன். அதற்குள் வண்டிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

நேற்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் தண்டனை வாங்குவதைக்கூட, அருள்பாண்டி சொன்னதுபோல, எப்படியும் வெளியே வந்துவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிச் சமாளித்திருப்பேன், அவ்வளவு கோழை நான். ஆனால் வெளியே வந்த பிறகும், தான்தான் அவளைக் கொன்றோம் என்றே அவர் இருப்பார். அது எந்தக் கோர்ட்டிலும் தீராது. சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். அதனால்தான் காலையில் குளித்துவிட்டு நேரே இங்கே வந்தேன்.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று ஐயா கேட்டார். பலராமனை நாளை நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போவதற்கு முன், இன்றே, நான் நேரில் போய் அவரிடம் சொல்ல அனுமதி கேட்டேன். அது முடியாது என்று சொன்னார்கள். அப்படியானால் யாராவது ஒருவர் சிறைக்குப் போய் அவரிடம் சொல்லுங்கள். வயரைப் போட்டது மாசானம் என்று சொன்னால் போதாது, தன்னைக் காப்பாற்றுவதற்காகப் பையன் பொய் சொல்கிறான் என்று நினைத்துக்கொள்வார், அவர் அப்படிப்பட்ட ஆள். நீங்கள் போடவில்லை, உங்கள் கை அதில் படவே இல்லை என்று அவர் நம்புகிறவரை சொல்லுங்கள்.

இதில் எழுதியிருப்பது முழுவதையும் எனக்குப் படித்துக் காட்டினார்கள். யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவில்லை. நான் சொன்னதெல்லாம் உண்மை, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

(ஒப்பம்) இ. மாசானம்
28.12.2021, காலை 11.25 மணி